கடைசி வண்டிக்கு மிஞ்சிய ஷூ

சூரிக்,
20 நவம்பர் 1973

அன்புள்ள லினார்டுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீயும் உன் முதுகுவலியும் எப்படி? போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் வழக்கம்போல் எழுதுகிறேன். பிரிந்து ஏழு வருடமான பிறகும் ஒரு பேருந்தின் நேரத்தைப் பற்றி இத்தனை கடிதம் எழுதிக்கொள்ளும் கணவன் மனைவி இந்த நாட்டிலேயே நாம் மட்டும்தான் இருப்போம்.

செய்தி உனக்கும் வந்திருக்கும். பெட்ரோல் தட்டுப்பாட்டினால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் யாரும் கார் எடுக்கக் கூடாதாம். இத்தனை வருடம் என்னைக் கேலி செய்தவர்கள் எல்லாம் இப்போது என் டிக்கெட் ஜன்னலில் வந்து நிற்கிறார்கள். "ரெகுலா, நீ எப்பவும் ரயில்லதானே பனிச்சறுக்குப் போறே? எங்களையும் சேத்துக்கோயேன்" என்கிறார் பொஸ்ஹார்ட். போன வருடம் அவர் என்னை 'மூட்டை தூக்கி' என்று அழைத்தது எனக்கு மறக்கவில்லை. இருந்தாலும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் ஆறு பேர் இப்போது பதினான்கு.

ஞாயிறு 25-க்கான திட்டம்: சூரிக் 6.08. கூரில் ரயில் மாற ஒன்பது நிமிடம், சறுக்குப் பலகைகளோடு ஓட வேண்டும். சிலான் 9.02. நீ ஓட்டும் பேருந்து 9.10, சுர்வால் 9.45. அங்கிருந்து லாய் நைர் கணவாய்க்கு மூன்று மணி நேர ஏற்றம். மறுபக்கம் மாத்ரோலுக்குச் சறுக்கி இறங்கினால் உன் 16.50 கடைசி வண்டி. காரில் வருகிறவர்கள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். ஒரு பள்ளத்தாக்கில் ஏறி இன்னொன்றில் இறங்கும் சுகம் நமக்குத்தான்.

ஷூ விஷயத்தைப் புதியவர்களுக்கு நானே சொல்லிவிட்டேன். "சுர்வால்ல சறுக்கு பூட்ஸ் மாட்டும்போது கழட்டுற ஷூவை டிரைவர்கிட்டக் குடுங்க. அவர் சுத்துவழியா மாத்ரோலுக்குக் கொண்டுபோய் அலமாரியில வெப்பார். சாயந்தரம் இறங்கி வந்ததும் முதல் வேலை அவங்கவங்க ஷூவை எடுக்குறது. அலமாரி காலியானாத்தான் அவர் வண்டியை எடுப்பார்." பொஸ்ஹார்ட் சிரித்தார். "கார்ல வந்தவன் காணாமப் போனா அவன் காராவது ராத்திரி தனியா நின்னு காட்டிக்குடுக்கும். நம்மைக் காட்டிக்குடுக்க ஷூதான் இருக்கு" என்றேன். பிறகு அவர் சிரிக்கவில்லை.

அலமாரியில் பதினான்கு ஜோடிக்கு இடம் இருக்குமா? எழுது.

ரெகுலா


சுர்வால்,
27 நவம்பர் 1973

அன்புள்ள ரெகுலா,

இடம் இருந்தது. மேல் தட்டில் இருந்த பால்கேன் மூடிகளை மெங்கியா முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வைத்தாள். மாத்ரோல் பால்பண்ணை தன் சொந்தச் சொத்து, அதற்குள் நான் செருப்புக்கடை வைத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

உன் கூட்டத்தின் ஷூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எட்டு வருடமாக இதுதானே வேலை, எனக்கு முகத்தைவிட ஷூ சீக்கிரம் மனதில் பதியும். உன் பழுப்பு ஷூவின் இடது குதிகால் தேய்ந்திருக்கிறது, தைக்கக் கொடு. புதிதாக ஒரு நெட்டை ஆள் வந்திருந்தாரே, நீலக் குல்லாய்க்காரர், யார் அவர்? தடித்த தோல், இரட்டைத் தையல், நடப்பதையே தொழிலாகக் கொண்டவனின் ஷூ. நாற்பத்து நான்கு. என் அளவு.

பனியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த வருடம் முதல் பனி வெறும் புல்லின் மேல் சீக்கிரமே விழுந்துவிட்டது. அதன் பிறகு மூன்று வாரம் வெறும் குளிர். அடியில் இருப்பது கையில் எடுத்தால் சர்க்கரையைப் போல் உதிர்கிறது. இதன் மேல் எவ்வளவு விழுந்தாலும் ஒட்டாது. 1965-இல் இப்படித்தான் இருந்தது. அந்த வருடம்தான் அந்த இரண்டு மாணவர்கள் என் காலை வண்டியில் வந்தார்கள். அவர்கள் திரும்பவில்லை என்பது நான்கு நாள் கழித்துத்தான் யாருக்கும் தெரிந்தது. அவர்களிடம் கார் இல்லை. அலமாரி அதற்குப் பிறகுதான் வந்தது என்பது உனக்குத் தெரியும். உன் புதியவர்களுக்கும் சொல்.

கணவாய்க்குக் கீழே வலப்பக்கத்துச் சரிவில் யாரையும் விடாதே.

லினார்ட்


சூரிக்,
5 டிசம்பர் 1973

அன்புள்ள லினார்டுக்கு,

வலப்பக்கத்துச் சரிவைப் பற்றி எல்லோரிடமும் சொன்னேன். தலையாட்டினார்கள். தலையாட்டுவது எங்கள் கூட்டத்துக்கு நன்றாக வரும்.

நீலக் குல்லாய்க்காரர் பெயர் ஆல்வின் ஹோட்ஸ். எங்கள் தெருவின் தபால்காரர். நடப்பது தொழில்தான், சரியாகச் சொன்னாய். உன் கடிதங்களை ஏழு வருடமாக என் பெட்டியில் போடுகிறவர் அவரே. உறையில் உன் முகவரியைப் பார்த்துப் பார்த்து, "சுர்வால்னு ஒரு ஊரு நெஜமாவே இருக்கா, இல்லே உங்க வீட்டுக்காரர் கதை விடுறாரா?" என்று ஒருநாள் கேட்டார். நேரில் வந்து பாருங்கள் என்றேன். வந்துவிட்டார். மனைவி இறந்து நாலு வருடமாகிறது. நிதானமான மனிதர்.

ஒரு குறை. போன ஞாயிறு அலமாரியில் ஷூக்கள் கலந்துவிட்டன. பொஸ்ஹார்டின் மனைவி வேறு யாருடைய ஷூவையோ மாட்டிக்கொண்டு கூர் வரை போய்விட்டாள். கூட்டம் கூடக்கூட இது நடக்கத்தான் செய்யும். பெயர் எழுதிய அட்டைகளைக் கயிற்றில் கோத்து அனுப்புகிறேன், நீ கட்டிவிடு.

இந்த ஞாயிறோடு தடை முடிகிறது. ஆனால் யாரும் விடுவதாகத் தெரியவில்லை. ரயிலில் வந்து பழகியாகிவிட்டதாம், சனிக்கிழமைகளில் தொடர்ந்து போக வேண்டுமாம்.

குதிகாலைத் தைக்கக் கொடுத்துவிட்டேன்.

ரெகுலா


சுர்வால்,
17 டிசம்பர் 1973

அன்புள்ள ரெகுலா,

அட்டைகள் வந்தன. எனக்குத் தேவையில்லை. இருந்தாலும் கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை என் வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கை சிலானிலிருந்து சுர்வால் வரை காலியாக வந்தது. நீ மூன்றாம் வரிசையில் இருந்தாய், கண்ணாடியில் தெரிந்தது. அங்கே ஹீட்டர் எட்டாது. சளி பிடிக்கும்.

ஒரு முழம் பனி விழுந்திருக்கிறது. நேற்று கணவாய்ப் பக்கம் இரண்டு முறை ஓசை கேட்டது. வீட்டுக்குள் யாரோ கனமான மூட்டையை இறக்கி வைப்பதுபோல் ஓர் ஓசை. மெங்கியா ஜன்னலைச் சாத்திவிட்டு, "வயிறு குமுறுது, இன்னும் பசி தீரலே" என்றாள். மலையைச் சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு வருவாயா? கேட்க வேண்டும் என்று கேட்கிறேன்.

லினார்ட்


சுர்வால்,
14 ஜனவரி 1974

ரெகுலா,

நடந்ததை நீ கேள்விப்பட்டிருப்பாய். ஆனாலும் நான் சொல்லும் விதத்தில் ஒருமுறை கேள்.

சனிக்கிழமை 16.50-க்கு அலமாரியில் ஒரு ஜோடி மிஞ்சியிருந்தது. பொஸ்ஹார்டுடையது. நீங்கள் எல்லோரும் 15.20 வண்டியில் போய்விட்டீர்கள், அதை ஓட்டியது கியேரி. அவனுக்கு ஷூவும் தெரியாது, மனிதரும் தெரியாது. நான் கால் மணி நேரம் காத்திருந்தேன். பயணிகள் முணுமுணுத்தார்கள். பிறகு மீட்புக் குழுத் தலைவர் தோனாவுக்குப் போன் செய்தேன். பதினோரு பேர் விளக்குகளோடு ஏறினார்கள். மூன்று மணி நேரம், அந்தச் சர்க்கரைப் பனிக்கு அடியில், வலப்பக்கத்துச் சரிவில். அதில் நாலு பேருக்குச் சின்னக் குழந்தைகள்.

பொஸ்ஹார்ட் அந்த நேரம் சூரிக்கில் தன் வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருந்தார். சறுக்கு பூட்ஸோடே ரயில் ஏறிவிட்டாராம். 15.20-ஐப் பிடிக்கும் அவசரத்தில் ஷூவை எடுக்க மறந்துவிட்டாராம்.

தோனா கீழே வந்து என்னிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "லினார்டு, உன் பெண்டாட்டியோட செருப்புக்கடைக்கு இனிமே என் பசங்களை அனுப்ப மாட்டேன். அடுத்த தடவை நிச்சயமாத் தெரிஞ்சாக் கூப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நிச்சயமாகத் தெரிந்தால். அதற்குத்தானே அலமாரி.

லினார்ட்


சூரிக்,
17 ஜனவரி 1974

அன்புள்ள லினார்ட்,

வெட்கத்தால் இரண்டு நாள் பேனாவையே தொடவில்லை. தோனாவுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். பொஸ்ஹார்டை எல்லோர் முன்னாலும் திட்டினேன். அதற்கு அவர் என்னைத் திரும்பத் திட்டினார். "ஷூவை எடுத்து ரயிலடிக்கு அனுப்பியிருந்தா இந்தக் கூத்தே வந்திருக்காதே. உன் வீட்டுக்காரருக்கு நாடகம் ஆட ஆசை" என்றார். அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரி என்று பட்டது.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். இனி ஆட்களை எண்ணும் பொறுப்பு என்னுடையது. காலையில் ஒரு பட்டியல், மாலையில் வண்டி ஏறும்போது ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு கோடு. நான் இல்லாத நாளில் பொஸ்ஹார்டின் மனைவி. கடைசி வண்டி புறப்படும்போது அலமாரியில் ஏதாவது மிஞ்சியிருந்தால், அது மறதி என்று எடுத்துக்கொண்டு, பெயர் எழுதிச் சிலான் ரயிலடிக்கு அனுப்பிவிடு. அங்கிருந்து சூரிக்குக்கு வந்துவிடும். நீ காத்திருக்க வேண்டாம். யாருக்கும் போன் செய்ய வேண்டாம்.

உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். இதை விதியாகவே வைத்துக்கொள்.

ரெகுலா


சுர்வால்,
21 ஜனவரி 1974

ரெகுலா,

விதி வேண்டாம்.

பட்டியல் உன் சட்டைப்பையில் இருக்கும். சட்டைப்பையை யாரும் பார்க்க முடியாது. அலமாரியை வருகிறவன் போகிறவன் எல்லோரும் பார்க்கலாம். தப்பான எச்சரிக்கை பத்து வரட்டும், பதினோரு பேரும் பத்து முறை ஏறி இறங்கட்டும். தோனா என்னைத் திட்டட்டும், எனக்கு ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு முறை அது உண்மையாக இருந்தால் போதும்.

இதை உன்னிடம் எழுதித்தான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் வண்டியில் என் தோளுக்குப் பின்னால் இருப்பாய், ஒரு வார்த்தையில் முடிந்துவிடும்.

இருந்தாலும் எழுத்தில் கொடுத்துவிட்டாய். உன் கடிதத்தை ஓட்டுநர் இருக்கைக்கு மேல் சொருகி வைத்திருக்கிறேன். அதன்படி செய்கிறேன்.

லினார்ட்


சூரிக்,
4 பிப்ரவரி 1974

அன்புள்ள லினார்டுக்கு,

முதலில் திட்டம். சனிக்கிழமை 9-ஆம் தேதி எட்டுப் பேர் வருகிறார்கள். சூரிக் 6.08, மற்றதெல்லாம் வழக்கம்போல். பள்ளி விடுமுறைக் கூட்டத்தால் எனக்கு அன்று ஜன்னலில் வேலை, வர முடியாது. பட்டியல் பொஸ்ஹார்டின் மனைவியிடம். வழி காட்டுவது ஆல்வின்.

இரண்டாவது, நேரில் சொல்ல வேண்டியது. மூன்று சனிக்கிழமையாகச் சொல்ல நினைத்து மூன்றாம் வரிசையிலேயே இருந்துவிட்டேன். கோழைத்தனம்தான். நாம் பிரிந்தோமே ஒழிய விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் குறித்த இடத்தில் கையெழுத்து.

ஆல்வின் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியும் என்னை அவசரப்படுத்தவில்லை. இந்த உறையைக்கூட அவரே பெட்டியிலிருந்து எடுத்துப்போவார், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே. அது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

நீ கெட்டவன் இல்லை, லினார்ட். உன்னால் சூரிக்கில் இருக்க முடியவில்லை, என்னால் சுர்வாலில் இருக்க முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வார விடுமுறை மட்டும் நமக்குப் பொதுவாக இருந்தது. அதைக் கல்யாணம் என்று நீ ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வாரமும் வந்தேன். அதற்கு மன்னித்துவிடு.

ரெகுலா


கூர், மருத்துவமனை,
13 பிப்ரவரி 1974

அன்புள்ள லினார்ட்,

ஆல்வின் உயிரோடு இருக்கிறார். முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

நடந்ததை இப்போதுதான் கோத்துப் பார்க்க முடிந்தது. சனிக்கிழமை கணவாயில் அவருடைய பலகையின் பூட்டு உடைந்தது. "நீங்க போங்க, கம்பி சுத்திட்டுக் கடைசி வண்டிக்கு வந்துடறேன்" என்றாராம். ஏழு பேர் இறங்கி 15.20 வண்டியைப் பிடித்தார்கள். பொஸ்ஹார்டின் மனைவி ஏழு கோடு போட்டாள். எட்டாவது பெயருக்கு எதிரே 'அடுத்த வண்டி' என்று எழுதிப் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவரோ தனியாக இறங்கும்போது, அந்த வலப்பக்கத்துச் சரிவின் ஓரத்தில், பனி தட்டோடு பெயர்ந்து நாற்பது மீட்டர் இழுத்துப் போயிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. கையால் குழி தோண்டிப் பைக்குள் காலை நுழைத்துக்கொண்டு கிடந்தாராம்.

ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு என் வீட்டில் சாப்பாடு. வரவில்லை. நேரம் தவறாத மனிதர். பன்னிரண்டரைக்கு மெங்கியாவுக்குப் போன் செய்தேன். மீதி உனக்குத் தெரியும். நீதான் முதல் ஆளாக ஏறினாயாம், வேறு எங்கும் தேடாமல் நேராக அந்த ஓரத்துக்குப் போனாயாம், கையாலேயே தோண்டினாயாம். மூன்றரைக்கு எடுத்தீர்கள். கிட்டத்தட்ட ஒரு முழு நாள்.

இரண்டு பாதத்திலும் விரல்களை எடுத்துவிட்டார்கள். இடது பாதத்தில் இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்குமாம். ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோமீட்டர் நடந்த மனிதர். எழுந்ததும் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "என் தெருவுக்கு யாரைப் போட்டிருக்காங்க?" இரண்டாவது, "அந்த டிரைவருக்கு நான் என்ன செய்யிறது? அவர்தானே எடுத்தார்."

உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். நானும் சொல்கிறேன். பத்திரத்தைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். அது இருக்கட்டும்.

ரெகுலா


சுர்வால்,
16 பிப்ரவரி 1974

ரெகுலா,

நன்றி வேண்டாம் என்று அவரிடம் சொல். எங்கே தேட வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான்.

என் விரல்கள் ஆறிவருகின்றன. வண்டி ஓட்டுகிறேன்.

லினார்ட்


சூரிக்,
22 பிப்ரவரி 1974

லினார்ட்,

ஆல்வினின் உடைகளை எடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். ஷூவைத் தேடினேன், இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷூ அலமாரியில் அல்லவா இருக்க வேண்டும்.

எங்கள் நிலையத்தில் தவறிய பொருள் அறை என் ஜன்னலுக்கு நாலு கதவு தள்ளி இருக்கிறது. அங்கே இருந்தது. கயிற்றால் கட்டி, என் அட்டைக்குக் கீழே இன்னொரு சீட்டு. 'ஹோட்ஸ், சூரிக். மாத்ரோலில் மிஞ்சியது. 9.2., 16.50.' உன் கையெழுத்து. எழுத்துகூட நடுங்கவில்லை.

என் கடிதத்தில் நான் எழுதியதைத்தான் நீ செய்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பத்து நாளாக நான் தூங்காததற்கு அதுதான் காரணம். எண்ணுவேன் என்று சொன்னவள் நான். சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்கு ஒரு போன் செய்திருக்கலாம், தொந்தரவு செய்யக் கூடாது என்று விட்டவளும் நான். என் பங்கை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் எழுது. அந்த ஷூவைக் கையில் எடுத்தபோது, அவர் இன்னும் மேலே இருக்கிறார் என்று உனக்குத் தோன்றியதா?

ரெகுலா


சுர்வால்,
25 பிப்ரவரி 1974

ரெகுலா,

தோன்றியது.

16.50-க்கு அலமாரியில் ஒரு ஜோடிதான் இருந்தது. எடுத்தேன். மெங்கியா கேனைக் கழுவிக்கொண்டே, "யாரோ இறங்கலையா லினார்டு?" என்று கேட்டாள். "மறந்துட்டுப் போயிருப்பாங்க. இனிமே அப்படித்தான் எடுத்துக்கணுமாம், எழுத்துல வந்திருக்கு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

15.20 வண்டியை ஓட்டிய கியேரி அப்போது சிலானில் டீ குடித்துக்கொண்டிருந்தான். நீலக் குல்லாய்க்காரர் ஏறினாரா என்று அவனைப் போனில் கேட்க ஒரு நிமிடம் ஆகும். போன் என் கைக்கு எட்டும் தூரத்தில் சுவரில் இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் போக வேண்டியிருக்கும்.

அன்று காலைதான் உன் பத்திரம் வந்திருந்தது. அது சட்டைக்குள் இருந்தது, உன் விதி தலைக்கு மேல் சொருகி இருந்தது. எழுதினாளே, அவள் எழுதியதையே செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டபோது மனதுக்கு ஒரு சுகம் இருந்தது, ரெகுலா. அதையும் எழுதிவிட வேண்டும். சிலானுக்குப் போகும் வழியெல்லாம் இருந்தது. அவர் செத்துப்போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவரைப் பற்றி நினைக்காமல் இருந்தேன். இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருப்பதாக அன்று தோன்றியது.

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

ஞாயிறு உன் போன் வந்தபோது நேராக அந்த ஓரத்துக்குப் போனேன் என்றால், வேறு எங்கும் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. முந்தின நாள் மாலையே எனக்கு இடம் தெரியும். ஐந்து மணிக்குத் தோனாவைக் கூப்பிட்டிருந்தால் ஏழு மணிக்கு அவர் கீழே இருந்திருப்பார், விரல்களோடு. தோனாவிடம் நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். பிறகு கதவைச் சாத்தினார்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். ஆல்வினிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். நான் நேரில் வந்து சொல்லவும் தயார். தேதி சொல்.

லினார்ட்


சுர்வால்,
11 மார்ச் 1974

ரெகுலா,

இரண்டு வாரம் ஆகிவிட்டது. சனிக்கிழமைகளில் உங்கள் கூட்டத்தில் யாரும் வரவில்லை. அலமாரி காலையிலிருந்தே காலியாக இருக்கிறது. நான் எப்போது புறப்பட வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்து எடுக்கிறேன்.

ஒரு வரியாவது எழுது.

லினார்ட்


சூரிக்,
2 ஏப்ரல் 1974

லினார்ட்,

பத்திரம் வந்தது. புதிய தபால்காரர் கொண்டுவந்தார். சின்ன வயது, படியில் ஓடுகிறார். ஆல்வினுக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதம் பிரிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஜூனில் நாங்கள் பதிவு செய்துகொள்கிறோம்.

எங்கள் கூட்டம் இனி உங்கள் பள்ளத்தாக்குக்கு வராது. வேறு பக்கம் ரயில் பார்த்துவிட்டேன். அங்கேயும் ஓர் அலமாரி வைக்கப்போகிறேன், விதி இல்லாமல்.

ஆல்வினிடம் நான் சொல்லவில்லை. உனக்காக இல்லை. ஒரு நல்ல மனிதன் தன்னைக் காப்பாற்றினான் என்ற நம்பிக்கையில்தான் அவர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நிற்கிறார். அதை அவரிடமிருந்து எடுக்க எனக்குத் துணிவில்லை. நீ வர வேண்டாம். சொல்லிவிட்டு இலேசாகிப்போக உனக்கு நான் இடம் தரமாட்டேன்.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. அவர் அனுப்புவது. வாயாலேயே சொன்னார், நான் அப்படியே எழுதுகிறேன்: "எனக்கு இனி இது எதுக்கு? அந்த டிரைவருக்கும் எனக்கும் ஒரே அளவுன்னு நீ ஒருநாள் சொன்னியே. குதிகால் புதுசாப் போட்டது, இன்னும் பத்து வருஷம் உழைக்கும். அவரையே போட்டுக்கச் சொல்லு." கயிற்றையும் அட்டையையும் நான் அவிழ்க்கவில்லை. உன் சீட்டும் அதிலேயே இருக்கிறது.

போட்டுக்கொள்ளாதே. மாத்ரோல் அலமாரியில் வை. யாரும் எடுக்க வரப்போவதில்லை. வண்டியில் மற்றவர்கள் இருப்பார்கள், அவர்களுக்குப் பிடிக்க வேண்டிய ரயில் இருக்கும், அதனால் 16.50-க்குச் சரியாகப் புறப்படு. ஆனால் ஒவ்வொரு மாலையும் அதைப் பார்த்துவிட்டுப் புறப்படு.

ரெகுலா